வேகஸிலிருந்து ஆன்டலோப் கேன்யன் ஒருநாள் டூர்: அப்பரா, லோயரா, பஸ்ஸா, சொந்தக் காரா?

செந்தில்_சான்டியேகோ

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை கடைசி வாரம், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேகஸ் போகிறோம். அப்பாவுக்கு 69, இன்னும் வாக்கிங் போகிற ஆள், பிரச்சினை இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றாலே நின்றுவிடுவார். கூட மனைவி, நான்கு வயதுப் பையன்.

அம்மா யாரோ ஒருவருடைய வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஆன்டலோப் கேன்யன் படத்தைப் பார்த்துவிட்டு "அந்தச் சிவப்புக் குகைக்குப் போகணும்" என்கிறார். சரி என்று தேடினால் தலை சுற்றுகிறது. எல்லா டூருக்கும் ஒரே படம்தான் போட்டிருக்கிறார்கள், விலை மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சிலர் அப்பர் என்கிறார்கள், சிலர் லோயர், சிலர் எக்ஸ், சிலர் எதுவுமே சொல்லாமல் வெறும் ஆன்டலோப். வேகஸ் ஹோட்டல் வாசலில் ஏற்றிக்கொண்டு இரவு திரும்பக் கொண்டுவந்து விடும் பஸ் டூர் எடுத்தால் நிம்மதியாக இருக்குமா? போனவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி

செந்தில், முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும். வேகஸிலிருந்து கூட்டிப்போகிற கம்பெனி வேறு, கேன்யனுக்குள் கூட்டிப்போகிற கம்பெனி வேறு. ஆன்டலோப் இருப்பது அரிசோனாவில் பேஜ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், நவஹோ மக்களின் நிலத்தில். 1997-லிருந்து அது நவஹோ பழங்குடிப் பூங்கா. அவர்கள் அனுமதித்த வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. ஆகவே நீங்கள் எந்தப் பஸ்ஸில் போனாலும் பேஜில் இறக்கிவிட்டு ஒரு நவஹோ நிறுவனத்தின் கையில்தான் ஒப்படைப்பார்கள். பஸ்காரனுக்கு நீங்கள் கொடுப்பது போக வர வண்டிக்கும், ஒரு மதியச் சாப்பாட்டுக்கும், டிக்கெட் வாங்கித் தருகிற வேலைக்கும்தான்.

அடுத்தது, எந்தக் கேன்யன் என்று. ஒரே ஓடை நெடுக வெவ்வேறு இடங்களில் இருக்கும் தனித்தனிப் பிளவுகள் இவை. அப்பர் என்பது கொஞ்சம் மேலே, நெடுஞ்சாலையிலிருந்து மணல் ஓடையில் வண்டியில் கூட்டிப்போவார்கள். தரை மட்டத்திலேயே நுழைவு, உள்ளே மணல் தரை. சுவர்கள் கிட்டத்தட்ட 120 அடி உயரம், அடியில் அகலம், மேலே ஒடுக்கம். படத்தில் பார்க்கிற அந்த ஒளிக்கற்றை விழுவது பெரும்பாலும் இங்கேதான். லோயர் அதற்கு நேர்மாறு: மேலே அகலம், அடியில் கால் வைக்கத்தான் இடம். தரையில் ஒரு வெடிப்பு மாதிரித் தெரியும், அதற்குள் இரும்பு ஏணிப்படியில் இறங்க வேண்டும். அப்பரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம், வளைவு நெளிவும் அதிகம். எக்ஸ் என்பது இன்னும் மேலே, கூட்டம் குறைவு, டாடிடீன் டூர்ஸ் என்ற ஒரு நிறுவனம் நடத்துகிறது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதில்தான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள். "ஆன்டலோப் கேன்யன் போட் டூர்" என்று லேக் பவலில் படகில் கூட்டிப்போவார்கள். அது அதே ஓடை ஏரியில் கலக்கிற வாய். தண்ணீர், இரு பக்கமும் பாறைச்சுவர், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் அம்மா பார்த்த சிவப்புக் குகை அது அல்ல. பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிட வேண்டாம்.

கவிதா_பீனிக்ஸ்

அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் லோயரை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஐந்து இடத்தில் படிக்கட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலம். முதல் இறக்கமே செங்குத்து. பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, காலால் அடுத்த படி எங்கே என்று தடவித் தடவி இறங்க வேண்டும். மேலே ஒருவர் கால், கீழே ஒருவர் தலை. பின்னால் வரிசை நிற்கும்போது "கொஞ்சம் இருங்க, மூச்சு வாங்கிக்கிறேன்" என்று சொல்லவும் கூச்சமாக இருக்கும். என் மாமியார் பாதியில் நின்று, வந்த வழியே திரும்பப் போகலாமா என்று கேட்டார். வழி கிடையாது, ஒருவழிதான். எப்படியோ ஏறி வெளியே வந்துவிட்டார், அடுத்த இரண்டு நாளும் ஹோட்டல் அறையை விட்டு நகரவில்லை.

அதற்காக அப்பர் முழுக்கச் சமதரை என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே நடப்பது சுலபம்தான், சுமார் 200 மீட்டர். ஆனால் இப்போது அதையும் ஒருவழி ஆக்கிவிட்டார்கள். மறுமுனையில் வெளியே வந்து மேட்டின் மேல் ஏறி இறங்குகிற இரும்புப் பாதை வழியாகச் சுற்றித்தான் வண்டிக்குத் திரும்ப வேண்டும். நிழல் இல்லை. அம்மா மெதுவாக வந்தால் போதும், ஆனால் "அப்பர் என்றால் படியே கிடையாது" என்று எங்காவது படித்திருந்தால் அது பழைய கதை. புக் செய்யும் முன் அந்த நிறுவனத்துக்கே போன் போட்டு முழங்கால் விஷயத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், நேராகவே பதில் சொல்வார்கள்.

பையனுக்கு: அப்பர் டூர் வண்டியில் போவதால் குழந்தைக்கான கார் சீட் கேட்பார்கள். உங்களுடையதைக் கழற்றி எடுத்துப் போக வேண்டியிருக்கும். குறைந்தபட்ச வயது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதையும் கேளுங்கள்.

டல்லஸ்_முருகேசன்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு பாறை இடுக்கில் ஒரு மணி நேரம் நடக்க, ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். அதற்குள் பை கொண்டுபோகாதே, டிரைபாட் வைக்காதே, செல்ஃபி குச்சி நீட்டாதே, வீடியோ எடுக்காதே. நாங்கள் போனபோது முன்னால் ஒரு குழு, பின்னால் ஒரு குழு, நின்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் "நகருங்கள் நகருங்கள்". திருப்பதியில் ஜருகண்டி சொல்வார்களே, அதேதான், இங்கே பெருமாள் மட்டும் இல்லை. ஐந்து பேருக்கு டிக்கெட், அதுபோகப் பெட்ரோல், அறை, டிப்ஸ் எல்லாம் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசுக்கு யூட்டாவில் இருக்கும் சயான் தேசியப் பூங்காவுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம்.

ஊர்சுற்றி

முருகேசன் அண்ணா, கூட்டம் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கோடையில் நண்பகல் அப்பர் அப்படித்தான். ஆனால் விலை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இது தேசியப் பூங்கா அல்ல, அதனால்தான் தேசியப் பூங்காக்களுக்கு வாங்குகிற அமெரிக்கா த பியூட்டிஃபுல் பாஸ் இங்கே செல்லாது. அவர்கள் நிலம், அவர்கள் வைத்த விலை. பேஜ் ஊருக்கு வெளியே மூன்று பெரிய புகைபோக்கியோடு நவஹோ ஜெனரேட்டிங் ஸ்டேஷன் என்ற நிலக்கரி மின் நிலையம் இருந்தது, அந்தப் பக்கம் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2019 நவம்பரில் மூடினார்கள், அடுத்த வருடக் கடைசியில் புகைபோக்கிகளையும் தகர்த்துவிட்டார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் நவஹோ ஆட்கள். மூடிய நாலே மாதத்தில் கொரோனா. கேன்யனையும் 2020 மார்ச்சில் பூட்டி, 2021 ஜூலையில்தான் திறந்தார்கள். அந்த ஒன்றேகால் வருடம் அந்த ஊர்க் குடும்பங்கள் எப்படிச் சமாளித்திருக்கும் என்று யோசித்தால், நூறு டாலர் எனக்கு அவ்வளவு உறுத்தவில்லை. உறுத்துவது நடுவில் நின்று அதே டிக்கெட்டை ஏற்றி விற்கிற தளங்கள்தான். நேராக நவஹோ நிறுவனங்களின் தளத்துக்கே போங்கள். லோயருக்குக் கென்ஸ், டிக்ஸிஸ் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, அப்பருக்கு நாலைந்து இருக்கின்றன. உள்ளே காட்டுவது எல்லோரும் ஒரே கேன்யனைத்தான். அதனால் எந்தக் கம்பெனி என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட எந்த நேரம் என்று யோசிப்பதுதான் உருப்படியான வேலை.

விலை பார்க்கும்போது நவஹோ பூங்காக் கட்டணம் சேர்ந்ததா இல்லையா என்றும் பாருங்கள். சில இடத்தில் தனியாகச் சேர்ப்பார்கள், சில இடத்தில் உள்ளடக்கம். மலிவாகத் தெரிவது கடைசிப் பக்கத்தில் மலிவாக இருக்காது.

அனுசுயா_ஆர்

பஸ் டூரில் போனவள் என்ற முறையில் என் அனுபவம். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாம் ஏறக்குறைய இதே மாதிரிதான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

விடிகாலை ஐந்து மணிக்கு ஹோட்டல் வாசலில் நிற்கச் சொன்னார்கள். நின்றோம். வேன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு, அப்புறம் ஸ்டிரிப் என்கிற ஹோட்டல் வீதி முழுக்க ஒவ்வொரு ஹோட்டலாக நின்று நின்று ஆள் ஏற்றி வேகஸை விட்டு வெளியே வரவே ஆறரை ஆகிவிட்டது. வேகஸிலிருந்து பேஜ் சுமார் 275 மைல். நிற்காமல் போனாலே நாலரை மணி நேரம், இவர்கள் நின்று நின்று போனார்கள். பேஜ் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குப் போட்டிருந்த நேரம் தாண்டிவிட்டது. "அடுத்த குழுவில் சேர்த்துவிடுகிறோம்" என்று வெயிலில் உட்கார வைத்தார்கள். கேன்யனுக்குள் இருந்தது ஒரு மணி நேரம் சொச்சம். பிறகு பக்கத்தில் ஆறு வளைகிற ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்தில் நாற்பத்தைந்து நிமிடம், அதில் போக வர நடையே பாதிக்கு மேல் தின்றுவிட்டது. திரும்ப வேகஸ் வந்து சேர இரவு ஒன்பது. சைவம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தும் சாண்ட்விச்சில் வான்கோழி. சிப்ஸ் தின்று பசியாறினேன்.

வண்டி ஓட்டத் தெரியாதவர்கள், தனியாக வருகிறவர்கள், இந்தியாவிலிருந்து நேராக வந்து ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்கிறவர்கள், இவர்களுக்குப் பஸ் சரி. என் வேனிலேயே சென்னையிலிருந்து ஆபீஸ் வேலையாக வந்த ஒரு பையன் இருந்தான், போக வர நன்றாகத் தூங்கினான், கேன்யனைப் பார்த்தான், சந்தோஷமாகப் போனான். ஆனால் 69 வயதுக்காரரையும் நான்கு வயதுப் பையனையும் வைத்துக்கொண்டு பதினைந்து பதினாறு மணி நேரம் என்பது... பாத்ரூமுக்கு நிறுத்தச் சொல்வதற்கே நீங்கள் நேர்த்தி வைக்க வேண்டியிருக்கும்.

செந்தில்_சான்டியேகோ

அனுசுயா மேடம், நீங்கள் சொன்னதைப் படித்ததும் மனைவி "பஸ் பேச்சே எடுக்காதே" என்றுவிட்டாள். அப்படியானால் சொந்தமாக ஓட்டிக்கொண்டு போய், பேஜில் ஒரு இரவு தங்கினால்? சயான் வழியாகப் போனால் ரொம்பச் சுற்றா?

இன்னொரு சந்தேகம். ஒளிக்கற்றை எத்தனை மணிக்கு விழும், அதற்குக் கொடுக்கிற கூடுதல் காசு தகுமா? நண்பகல் நேரத்துக்கும் காலை எட்டு மணிக்கும் விலை வித்தியாசம் கண்ணைக் கட்டுகிறது.

மூன்றாம்கண்

ஒளிக்கற்றைக் கேள்விக்கு நான் வருகிறேன், என் ஏரியா.

அப்பரில் கற்றை விழுவது மார்ச் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை, சூரியன் உச்சிக்கு வருகிற நேரத்தில், தோராயமாகக் காலை பத்தரையிலிருந்து மதியம் ஒரு மணி வரை. மேகம் வந்தால் ஒன்றும் கிடையாது, காசும் திரும்ப வராது. 2014-ல் பீட்டர் லிக் என்ற புகைப்படக்காரர் இங்கே எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை 65 லட்சம் டாலருக்கு விற்றதாக அறிவித்தார். நம்புவதா என்று அப்போதே பலர் சண்டை போட்டார்கள். எப்படியோ, அதன் பிறகு எல்லோருக்கும் அந்தக் கற்றைதான் வேண்டும். முன்பு டிரைபாடோடு போகிற போட்டோ டூர் என்று தனியாக இருந்தது, அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது நீங்கள் ஐயாயிரம் டாலர் கேமரா வைத்திருந்தாலும் கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே எடுக்க வேண்டியதுதான்.

ஆனால் ஆன்டலோப்பின் அழகு கற்றையில் இல்லை என்பது என் கட்சி. அந்தச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். மெல்லிய கோடு கோடாக அடுக்குகள், கொஞ்ச தூரம் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும், திடீரென்று வெட்டுப்பட்டு வேறு சாய்வில் போகும். ஜுராசிக் காலத்தில் இது மணல்மேடு. காற்று எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தச் சாய்வு அப்படியே கல்லாகிவிட்டது, நவஹோ மணற்பாறை என்பார்கள். அதை அப்புறம் வெள்ளமும் வெள்ளத்தோடு வந்த மணலும் அறுத்து வழவழப்பாக்கியிருக்கின்றன. மேலே வெயில் படுகிற இடம் மஞ்சள், அங்கிருந்து எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்து இறங்க இறங்க ஆரஞ்சு, சிவப்பு, அடியில் வெளிச்சம் எட்டாத இடத்தில் ஊதா. இந்தத் தெறிப்பு காலை ஒன்பது மணிக்கும் உண்டு, மூன்று மணிக்கும் உண்டு. லோயரிலும் எக்ஸிலும் உண்டு. அதற்குக் கூடுதல் காசு கிடையாது.

போனில் எடுக்கிறவர்களுக்கு: ஆட்டோவில் விட்டால் போன் அந்தச் சிவப்பை "சரி" செய்து சாம்பலாக்கிவிடும். வெண் சமநிலையை நிழல் அல்லது மேகமூட்டம் என்று மாற்றுங்கள். ஐபோனில் அந்த வசதி நேரடியாக இல்லை, விவிட் வார்ம் என்ற ஃபில்டரைப் போடுங்கள். வழிகாட்டிகளே வாங்கி வைத்துத் தருவார்கள், எந்த மூலையில் நின்றால் எந்த உருவம் தெரியும் என்றும் அவர்களுக்கு அத்துப்படி. லோயரில் காற்றில் கூந்தல் பறக்கிற பெண் மாதிரி ஒரு பாறை இருக்கிறது, அவர்கள் காட்டாவிட்டால் நாம் கவனிக்காமலே தாண்டிவிடுவோம். கேமராக்காரர்கள் உள்ளே லென்ஸ் மாற்றவே கூடாது. மேலிருந்து மாவு போல மணல் உதிர்ந்துகொண்டே இருக்கும். மூக்கு, காது, சட்டைப்பை எல்லாம் சிவப்பு.

கவிதா_பீனிக்ஸ்

மூன்றாம்கண் சொல்வது புகைப்படக்காரர் பார்வை. ஆனால் சாதாரணமாகப் பார்க்க வருகிற பெரியவர்களுக்கு அந்தக் கற்றை ஒரு அதிசயம்தான், சும்மா தள்ளிவிட வேண்டாம். என் மாமனார் ஒரு நிமிடம் கையை அதற்குள் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காசு இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை.

நெல்லைக்காரன்

எதற்கு இவ்வளவு? பேஜிலிருந்து ஒரு மணி நேரம் மேற்கே போனால் வயர் பாஸ், அங்கிருந்து பக்ஸ்கின் கல்ச், இரண்டும் இதே மாதிரிப் பாறைப் பிளவுகள். தலைக்கு ஆறு டாலர் அனுமதிச்சீட்டு, வழிகாட்டி கிடையாது, ஜருகண்டி கிடையாது, மணிக்கணக்காக உட்காரலாம். ஆன்டலோப்பைவிட ஒரிஜினல் அதுதான்.

ஊர்சுற்றி

நெல்லைக்காரரே, இடம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் யாரைக் கூட்டிப் போகிறார் என்று பார்த்தீர்களா? கடைசி எட்டு மைல் மண் ரோடு, மழை பெய்தால் சேறு. ஓடை மணலில் நடந்துதான் பிளவுக்கே போக வேண்டும். உள்ளே ஆளுயரத்துக்கு மேல் ஒரு இறக்கம், வெள்ளம் வந்து மணலை அள்ளிப்போட்டால் சின்னதாகும், அள்ளிக்கொண்டு போனால் பெரிதாகும். அங்கே தலைக்கு மேலே இரு சுவருக்கும் நடுவில் குறுக்காக மரக்கட்டை சொருகிக்கொண்டு நிற்குமே, கவனித்திருப்பீர்கள். அதை அங்கே கொண்டுபோய் வைத்தது வெள்ளம். ஜூலை கடைசியில் நான்கு வயதுப் பையனோடு, வானிலை சொல்ல ஆள் இல்லாமல் அதற்குள் போகச் சொல்வீர்களா?

நெல்லைக்காரன்

அட, பொதுவாகச் சொன்னேன். இளவட்டங்கள் படித்துக்கொள்ளட்டும். பெரியவர்களோடு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன்.

செந்தில்_சான்டியேகோ

வெள்ளம் என்றதும் கேட்கிறேன். அப்பா யூடியூபில் ஏதோ பார்த்துவிட்டு "அங்கே ஆள் செத்திருக்காங்களாமே" என்று ஆரம்பித்திருக்கிறார். ஜூலை மழைக்காலமா? பாலைவனத்தில் என்ன மழை?

ராவுத்தர்

பாலைவனம் என்பதால்தான் ஆபத்து, செந்தில். இறுகிய தரையும் பாறையும் தண்ணீரைக் குடிக்காது. பெய்கிற அவ்வளவும் வழிந்து ஓடைக்கு வரும், ஓடை இந்த இடுக்குக்குள் நுழையும். தென்மேற்கு அமெரிக்காவின் மான்சூன் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, ஜூலை ஆகஸ்டில் உச்சம். மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும் இடி மழை கட்டும்.

உங்கள் அப்பா பார்த்தது 1997 ஆகஸ்ட் 12 சம்பவமாக இருக்கும். லோயரில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். கேன்யன் இருந்த இடத்தில் அன்றைக்குப் பெரிய மழையே இல்லை. சில மைல் மேலே கொட்டிய மழை ஓடை வழியாகச் சுவராக வந்தது. உள்ளே மாட்டியவர்களில் உயிர் தப்பியது வழிகாட்டி ஒருவர் மட்டும். அப்போது இருந்தது மரத்தில் அடித்த ஏணி, வெள்ளம் அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு இருப்பது பாறையில் போல்ட் அடித்த இரும்புப் படி. மேலிருந்து இறக்குகிற வலை வைத்திருக்கிறார்கள், வானிலை ரேடியோவும் அபாயச் சங்கும் உண்டு. மேற்புறத்தில் மழை அறிகுறி தெரிந்தாலே டூரை நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகவே பயப்படத் தேவையில்லை, ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, காலை நேரத்தை எடுங்கள். இரண்டு, தலைக்கு மேல் நீல வானம் இருக்கும்போதே "இன்றைக்கு ரத்து" என்று சொன்னால் கவுன்ட்டரில் நின்று வாதாடாதீர்கள். நான் பார்த்திருக்கிறேன், ஒருவர் போனில் வானிலை ஆப்பைத் திறந்து அந்த நவஹோ பெண்ணிடம் காட்டி "பாருங்கள், பூஜ்யம் சதவீதம்" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த ஆப் சொல்வது பேஜ் ஊரின் மழையை. அவர்கள் பார்ப்பது தெற்கே ஓடை பிறக்கிற இடத்து மழையை. அவர்களே ரத்து செய்தால் பணம் திருப்புவார்களா, வேறு நேரம் தருவார்களா என்ற விதியைப் புக் செய்யும்போதே படித்துவிடுங்கள், சண்டைக்கு வேலை இருக்காது.

மூன்றாம்கண்

ராவுத்தர் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பேஜில் இரண்டு இரவு தங்க முடிந்தால் முதல் நாள் காலைக்குப் புக் செய்யுங்கள். ரத்தானால் மறுநாள் ஒரு வாய்ப்பு இருக்கும். வேகஸிலிருந்து ஒருநாளில் போய் வருகிறவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடையாது, மான்சூனில் பஸ் டூரை நான் வேண்டாம் என்று சொல்வதற்கு அதுதான் முதல் காரணம்.

ஊர்சுற்றி

செந்தில் கேட்ட வழி: சயான் கிட்டத்தட்ட வழியில்தான் இருக்கிறது. வேகஸ், செயின்ட் ஜார்ஜ், சயான், கனாப், பேஜ். சயானிலிருந்து பேஜ் இரண்டு மணி நேரம். கனாபில் பெட்ரோல் போட்டு, எல்லோரையும் பாத்ரூம் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். அங்கிருந்து பேஜ் வரை எழுபது மைலுக்கு மேல் கடை கண்ணி எதையும் நம்பிப் போக முடியாது. சோறு கட்டிக்கொண்டு போனால் நல்லது, புளிசாதம் அந்த வெயிலிலும் தாங்கும்.

ஹார்ஸ்ஷூ பெண்டை அதிகாலையில் பாருங்கள். பார்க்கிங் பத்து டாலர், பேஜ் நகராட்சி வசூலிப்பது, தேசியப் பூங்கா பாஸ் காட்டினால் எடுபடாது. போக வர ஒன்றரை மைல், நல்ல பாதைதான், திரும்பும்போது ஏற்றம். ஆயிரம் அடி கீழே கொலராடோ ஆறு குதிரை லாடமாக வளைகிறது. விளிம்பில் எல்லா இடத்திலும் கம்பி கிடையாது, பையன் கையை விடாதீர்கள். அம்மா காரிலேயே இருந்துவிடுகிறேன் என்றால் ஜூலையில் அது நடக்காது. ஒருவர் கூட இருந்து ஏசி ஓடட்டும்.

டல்லஸ்_முருகேசன்

இத்தனை பேர் சொன்ன பிறகு நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். போவது என்று முடிவு செய்துவிட்டால் அப்பரில் முதல் ஆளாகப் போங்கள். காலை முதல் டூரில் உள்ளே இவ்வளவு நெரிசல் இருக்காது, வழிகாட்டியும் களைத்திருக்க மாட்டார். டிப்ஸ் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து பேரை மேய்த்து, எல்லோர் போனிலும் படம் எடுத்துக் கொடுக்கிற வேலை, நான் விலையைத்தான் திட்டினேன், அவர்களை அல்ல.

செந்தில்_சான்டியேகோ

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து முடித்துவிட்டோம். பஸ் இல்லை. சயானில் ஒரு இரவு, பேஜில் இரண்டு இரவு. அப்பர், காலை எட்டரை டூர், நிறுவனத்தின் தளத்திலேயே எடுத்தேன். போன் செய்து அம்மா முழங்காலைப் பற்றிக் கேட்டேன், திரும்பும் பாதையில் நின்று நின்று வரலாம், அவசரப்படுத்த மாட்டோம் என்றார்கள். கற்றை கிடைக்காது என்று அம்மாவிடம் சொன்னேன், "சுவர் சிவப்பா இருக்கும்ல, போதும்" என்றார். அப்பாவுக்கு லோயர் ஏணி ஆசை வந்துவிட்டது. மறுநாள் காலை நானும் அவரும் மட்டும் அதில் போகிறோம், மற்றவர்கள் ஹோட்டல் நீச்சல் குளத்தில்.

பிரியா_டொரன்டோ

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். நாங்கள் டிசம்பர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வேகஸ் வருகிறோம், நானும் கணவரும் மட்டும். குளிர்காலத்தில் இதெல்லாம் திறந்திருக்குமா, போவது வீணா? காலை வேகஸிலிருந்து கிளம்பி அன்று மதியமே டூர் எடுக்கலாமா?

மூன்றாம்கண்

திறந்திருக்கும், பண்டிகை நாளன்று மட்டும் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கற்றை கிடையாது, வெளிச்சம் மென்மையாக இருக்கும், ஊதா நிறம் கூடுதலாகத் தெரியும், கூட்டமும் குறைவு. விலையும் சில இடங்களில் இறங்கும். நீங்கள் இருவரும் படி ஏறுவீர்கள் என்றால் தயங்காமல் லோயர். கையுறை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த இரும்புக் கைப்பிடி காலையில் பனிக்கட்டியாக இருக்கும். கனடாக்காரர்களுக்கு நான் குளிரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

கவிதா_பீனிக்ஸ்

பிரியா, மணியைக் கவனியுங்கள். அரிசோனாவில் நாங்கள் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. அதனால் கோடையில் வேகஸும் பேஜும் ஒரே நேரம், குளிர்காலத்தில் பேஜ் ஒரு மணி முன்னால். நீங்கள் காலை ஏழுக்கு வேகஸில் கிளம்பினால் பேஜில் அப்போதே எட்டு. நாலரை மணி ஓட்டினால் பன்னிரண்டரை, வழியில் இரண்டு தடவை நின்றால் ஒன்றரை. நேரத்துக்கு அரை மணி முன்பே வந்து பதிவு செய்யச் சொல்வார்கள், தாமதமானால் காத்திருக்க மாட்டார்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாயும். ஆக அன்றே மதியம் என்பது இழுபறி. முதல் நாள் இரவே பேஜ் வந்துவிடுங்கள்.

செந்திலுக்கும் இதே விஷயத்தில் ஒன்று: கோடையில் யூட்டாவும் நவஹோ நிலமும் கடிகாரத்தை மாற்றும், பேஜ் மாற்றாது. நீங்கள் சயானில் இருக்கும்போது ஒரு மணி முன்னால் காட்டும், பேஜில் எந்த டவரைப் பிடிக்கிறதோ அதைப் பொறுத்துப் போன் மாறி மாறிக் காட்டும். டூர் எல்லாம் பீனிக்ஸ் நேரப்படிதான். போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டுக் கையால் பீனிக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தில்_சான்டியேகோ

நல்லவேளை சொன்னீர்கள். அப்பா இன்னும் கைக்கடிகாரம் கட்டுகிறவர், அதையே பீனிக்ஸ் நேரத்துக்கு வைத்துவிடச் சொல்கிறேன். கார் சீட்டை அவர்கள் வண்டியில் நாம்தான் பொருத்த வேண்டுமா, யாருக்காவது தெரியுமா?

கவிதா_பீனிக்ஸ்

எங்களுக்கு நாங்கள்தான் பொருத்தினோம். பெல்ட்டில் கட்டுகிற மாதிரி சீட்டாக இருந்தால் சுலபம். பத்து நிமிடம் முன்னதாகவே வண்டிப் பக்கம் போய் நில்லுங்கள்.